இடிப்பதற்கு முன் பத்து நாள் கொடுங்கள்

சென்னையின் பழைய திரையரங்கு உரிமையாளர்களுக்கும், கட்டட இடிப்புக் கோப்பில் கையெழுத்திடும் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

'இடிக்காதீர்கள்' என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஆயிரம் இருக்கை போட்ட ஒற்றைத் திரை அரங்கை, வாரநாள் பகல் காட்சிக்கு வரும் நாற்பது ஐம்பது பேரை நம்பி நடத்துவது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். நிலம் உங்களுடையது, முடிவும் உங்களுடையது. நாங்கள் கேட்பது பத்து நாள் மட்டுமே. கடைசிக் காட்சி முடிந்த மறுநாள் தொடங்கி, இடிப்பு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கடப்பாரையோடு உள்ளே வரும்வரை பத்து நாள். அதற்குள் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், எதை முதலில் இழப்போம் என்பதை இங்கே விவரமாகச் சொல்கிறோம்.

அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் போனால் எலக்ட்ரிக் தியேட்டரின் கட்டடத்தை இன்றும் பார்க்கலாம். 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் நடத்தத் தொடங்கிய அரங்கம் அது. 1915-இல் அஞ்சல் துறை அதை வாங்கியது. பின்னாளில் தபால்தலைப் பிரிவு அங்கே இயங்கியது. இரண்டு ஆண்டுகள் மட்டுமே படம் காட்டிய இடம் நூறாண்டு கடந்தும் நிற்கிறது, காரணம் அதற்கு வேறொரு வேலை கிடைத்தது. எலக்ட்ரிக் தொடங்கிய அடுத்த ஆண்டு, 1914-இல், ரகுபதி வெங்கைய நாயுடு கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் திரையரங்கம் அது. தலைமுறை தலைமுறையாகப் படம் ஓடிய அந்த இடத்தில் இன்று அரங்கம் இல்லை. அதன் தரை எத்தனை அங்குலம் சரிந்திருந்தது, ஆபரேட்டர் ரூமிலிருந்து திரைக்கு எத்தனை அடி என்று இனி ஒருவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்க முடியாது. 1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியான கினிமா சென்ட்ரல், பிறகு முருகன் டாக்கீஸ் ஆனது. அதுவும் போயிற்று. 1964-இல் ஒரே வளாகத்தில் மூன்று திரைகளோடு வந்த சஃபையர், 1961-இல் திறந்த சாந்தி, 1967 முதல் வடசென்னைக்குப் படம் காட்டிய தண்டையார்பேட்டை அகஸ்தியா, 1983-இல் வந்து 2024-இல் மூடிய அசோக் நகர் உதயம் என்று பட்டியல் நீள்கிறது. காஸினோவும் தேவியும் நிற்பதை நினைத்து மகிழ்கிறோம். ஆனால் நிற்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சரி, பத்து நாளில் முதல் வேலை எது? மின் இணைப்பு. மூடியதும் பெரும்பாலோர் செய்வது மின்வாரியத்துக்கு எழுதி இணைப்பைத் துண்டிப்பதுதான். அந்த நிமிடத்திலிருந்து உள்ளே ஒன்றும் தெரியாது. திரையரங்குக்கு ஜன்னல் கிடையாது, அது வெளிச்சம் புகாமல் கட்டப்பட்ட பெட்டி. கைவிளக்கு வெளிச்சத்தில் எடுக்கும் படத்தில் கூரையின் சுதை வேலைப்பாடும் பக்கச் சுவரின் வண்ணமும் விழாது. ஆகவே துண்டிக்கும் தேதியைப் பதினோராவது நாளுக்குத் தள்ளி வையுங்கள். ஏற்கெனவே துண்டித்தாகிவிட்டது என்றால் வாடகை ஜெனரேட்டரும் முக்காலியில் நிற்கும் நான்கு எல்.இ.டி. ஃப்ளட் விளக்குகளும் போதும்.

இரண்டாவது, ஒப்பந்தம். இடிப்பு வேலையில் பணம் பெரும்பாலும் எதிர்த்திசையில் நகரும். தேக்கு, இரும்பு உத்தரம், செங்கல் ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பந்தக்காரர்தான் உரிமையாளருக்குத் தருவார். 'உள்ளே உள்ளது உள்ளபடி' என்று எழுதிவிட்டால் புரொஜெக்டர் முதல் டிக்கெட் கவுண்டரின் பித்தளைக் கம்பிவரை எல்லாம் அவருடையது. அடுத்த வாரம் அவை காயலான் கடையில் கிலோ கணக்கில் கிடக்கும். எனவே விலை பேசுவதற்கு முன்பே, எவையெல்லாம் ஒப்பந்தத்தில் சேராது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பொருள்களில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் புள்ளி தெரியும்.

அடுத்து காகிதம். மேலாளர் அறையின் பீரோவில், படிக்கட்டின் அடியில், சில இடங்களில் திரைக்குப் பின்னால்கூடக் கணக்குப் புத்தகங்கள் கிடக்கும். அவற்றில் தலையாயது டி.சி.ஆர். என்று தியேட்டர்காரர்கள் சொல்லும் அன்றாட வசூல் அறிக்கை. காட்சிவாரியாக, வகுப்புவாரியாக, தொடக்க டிக்கெட் எண், முடிவு எண், விற்றது, விலை, கேளிக்கை வரி, நிகரத் தொகை எல்லாம் அதில் இருக்கும். விநியோகஸ்தர் அனுப்பிய ரெப்பும், அதாவது அவருடைய பிரதிநிதியும், அதில் கையெழுத்திட்டிருப்பார். 1939-ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டத்தால் இந்தக் கணக்கு கண்டிப்பாக எழுதப்பட்டது. ஒரு படம் உண்மையில் எத்தனை நாள் ஓடியது, தரை டிக்கெட்டில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், மழைநாளில் இரவுக் காட்சி எப்படி விழுந்தது என்பதற்கு விளம்பரத்தைவிட நம்பத்தக்க சாட்சி இதுதான்.

சென்னையின் ஈரக்காற்றில் இந்தப் புத்தகங்கள் ஒட்டிப்போயிருக்கும். ஒட்டிய பக்கத்தைக் கத்தியால் பிரிக்க வேண்டாம். மேல்தோல் உரிந்து, எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், நாற்பது ஐம்பது பக்கத்துக்கு ஒன்றாக உறிஞ்சுதாள் வைத்து, நாளுக்கு இருமுறை தாளை மாற்றுங்கள். வெயிலில் போட்டால் அட்டை வளைந்து தையல் விட்டுப்போகும். ஊதா நிறக் காப்பிங் பென்சிலில் எழுதியிருந்தால் ஈரத்துணி பட்டாலே மை கரைந்து ஓடும். கறையான் கண்டால் மருந்து அடிக்க வேண்டாம், அதை மண்ணோடு மென்பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப்பெட்டியில் வையுங்கள். படம் எடுப்பதற்குப் போன் கேமராவே போதும். ஆனால் அதை ஸ்டாண்டில் நேர்க்குத்தாகப் பொருத்தி, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரு ஸ்கேல் தெரியும்படி எடுக்க வேண்டும்.

பழைய உரிமத் தாள்களையும் தேடுங்கள். 'சி' படிவ உரிமத்தோடு இணைத்த வரைபடத்தில் வகுப்புவாரி இருக்கை, வாசல், தீயணைப்பு வாளி இருந்த இடம் எல்லாம் குறித்திருக்கும். அரங்கின் பெயர் மாறியிருந்தால் இந்தத் தாள்கள்தான் முடிச்சை அவிழ்க்கும். புரசைவாக்கத்தில் குளோப் என்று கட்டியது ராக்ஸி ஆனது. ஓடியன் மெலடி ஆனது. மிட்லண்ட் ஜெயப்பிரதா ஆனது. ஜார்ஜ் டவுனின் மினர்வா பிறகு பாட்சா ஆனது. மவுண்ட் ரோட்டிலும் ஒரு குளோப் இருந்தது. பழைய நாளிதழில் 'குளோப்' என்று படிக்கிறவர் எந்தக் குளோப் என்று தவிப்பார். ஒவ்வொரு பதிவின் முதல் பக்கத்திலும் எல்லாப் பெயர்களையும், கதவிலக்கத்தையும், சர்வே எண்ணையும் எழுதிவிடுங்கள்.

இனி ஆபரேட்டர் ரூம். எங்கள் மனம் அதிகம் பதறுவது இங்கேதான். முகப்பைப் படம் எடுக்க நூறு பேர் வருவார்கள். தியேட்டர் என்பது படம் காட்டும் இயந்திரம் என்றால் அதன் இதயம் மாடியில், பத்துக்குப் பதினைந்தடி அறையில் இருக்கிறது. அங்கே யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

முதலில் சுவரைப் பாருங்கள். பழைய அரங்குகளில் அந்த அறையின் சுவர் மற்ற சுவர்களைவிடத் தடிப்பாக இருக்கும், வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு இருக்கும், ஒளி போகும் துவாரங்களுக்கு மேல் இரும்புத் தகடுகள் தொங்கும். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தீப்பற்றினால் தண்ணீராலும் அணைக்க முடியாது. ஆகவே சூட்டில் உருகும் கண்ணியால் தகடுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கண்ணி உருகினால் தகடு விழுந்து துவாரத்தை மூடும், புகை அரங்குக்குள் போகாது. 1950களின் தொடக்கத்தில் கோடாக் நிறுவனம் நைட்ரேட் பிலிம் தயாரிப்பதை நிறுத்தியது. அதன்பின் இந்த ஏற்பாட்டின் அவசியம் குறைந்தது. ஆகவே தகடும் கண்ணியும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே அரங்கின் வயதைச் சொல்லும் சான்று. கூரையில் புகைபோக்கி இருந்தால் அதையும் அளந்து குறியுங்கள். கார்பன் ஆர்க் விளக்கில் இரண்டு கார்பன் குச்சிகள் எரியும்போது எழும் புகையும் தூளும் அதன் வழியாகத்தான் வெளியேறின. ஸெனான் விளக்கு வந்த பிறகு பல இடங்களில் அந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

புரொஜெக்டரைக் கழற்றும்போது நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, பல ஆண்டு ஓடாத இயந்திரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது. உள்ளே மால்டீஸ் கிராஸ் என்ற நான்கு பள்ளச் சக்கரம் எண்ணெயில் மூழ்கி இருக்கும். நொடிக்கு 24 முறை கால் சுற்று சுற்றி, ஒவ்வொரு முறையும் பிலிமை ஒரு சட்டம், அதாவது ஒரு ஃபிரேம், கீழே இழுத்து நிறுத்துவது அதுதான். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும்போது வலுவில் சுற்றினால் அதை உந்தும் முளை ஒடியும். அந்த முளைக்கு இன்று உதிரிபாகம் கிடைப்பது அரிது. மெல்லிய மெஷின் ஆயில் விட்டு ஒருநாள் ஊறவிடுங்கள், அசையவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு, தலையை மட்டும் எடுத்துக்கொண்டு பீடம், விளக்குக்கூடு, ஸ்பூல் பெட்டி, விளக்குக்கு நேர்மின்சாரம் தரும் ரெக்டிஃபயர் எல்லாவற்றையும் விட்டுவிடுவது. மூன்று, அழகாக இருக்கட்டும் என்று புதுப் பெயிண்ட் அடிப்பது. தேய்ந்த பெயிண்டில்தான் ஆபரேட்டரின் கை எங்கே பட்டது என்பது தெரியும்.

அந்த அறையிலிருந்து முதலில் காணாமல் போவது லென்ஸ், சட்டைப்பையில் போய்விடும். அதன் வளையத்தில் மில்லிமீட்டர் அளவு பொறித்திருக்கும். அதை உடனே எழுதுங்கள், பிறகு கணக்கு ஒன்று போட்டுச் சரிபார்க்கலாம். லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தூரத்தை, அதாவது த்ரோவை, பிலிமின் ஃபிரேமுக்கு முன்னால் ஒளி புகும் துவாரத்தின் அகலத்தால் பெருக்கித் திரையின் அகலத்தால் வகுத்தால் லென்ஸின் குவியத்தூரம் வரும். த்ரோ 30 மீட்டர், துவாரம் 21 மில்லிமீட்டர், திரையில் படம் 9 மீட்டர் என்றால் 70 மில்லிமீட்டர் லென்ஸ். பொறித்திருப்பது இதற்கு வெகுதூரம் என்றால், லென்ஸ் வேறு அரங்கிலிருந்து வந்தது, அல்லது திரையைப் பின்னாளில் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சினிமாஸ்கோப்புக்குத் துவாரத்தின் அகலத்தை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

லென்ஸைவிட அரிய பொருள் ஒன்று உண்டு, யாரும் அதைத் திருடக்கூட மாட்டார்கள், குப்பையில் போய்விடும். அப்பர்ச்சர் தட்டு, உள்ளங்கையளவு உலோகத் தகடு, நடுவில் செவ்வகத் துவாரம். உற்றுப் பார்த்தால் அது செவ்வகம் இல்லை. ஆபரேட்டர் ரூம் பால்கனிக்கு மேலே இருப்பதால் ஒளி சாய்வாகக் கீழிறங்கும், திரையில் படத்தின் அடிப்பக்கம் அகன்றுவிடும். அதை நேராக்க, சிறிய துவாரத்தோடு வரும் தட்டை வாங்கி, திரையைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவுவார்கள். புரொஜெக்டரின் கேட்டுக்குள், அதாவது ஒளி பிலிமைத் துளைக்கும் இடத்தில், பிலிம் தலைகீழாகப் போவதால் துவாரத்தின் மேல்விளிம்பு குறுகலாகவும் கீழ்விளிம்பு சற்றே அகலமாகவும் இருக்கும். ஆக, ஒவ்வொரு தட்டும் அந்த ஒரே அரங்கின் அந்த ஒரே கோணத்துக்கு உரியது, வேறெங்கும் பொருந்தாது. கட்டடம் போன பிறகும் த்ரோவும் தட்டும் இருந்தால் ஆபரேட்டர் ரூமின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். தயவுசெய்து அதைத் துணியில் சுற்றி, எந்தப் புரொஜெக்டருடையது, இடதா வலதா என்று சீட்டுக் கட்டி வையுங்கள்.

பீடத்தோடும் விளக்குக்கூட்டோடும் சேர்ந்த புரொஜெக்டரை ஆள்பலத்தால் மட்டும் குறுகலான படியில் இறக்க முயல வேண்டாம். செயின் புல்லியும், கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்ன உத்தரமும் வேண்டும். ஸெனான் விளக்கு அணைந்து குளிர்ந்த நிலையிலும் உள்ளே உயர் அழுத்தம் கொண்டது, கீறல் விழுந்தாலே வெடிக்கும். முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டு, அதற்குரிய உறையில் இட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். பழைய ரெக்டிஃபயரில் கண்ணாடிக் குடுவையும் அடியில் வெள்ளிபோல் திரவமும் தெரிந்தால் அது பாதரசம். உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, எல்லோரும் வெளியே வந்து, கதவைத் திறந்துவிட்டு, அபாயக் கழிவு கையாளுபவர்களைக் கூப்பிட வேண்டும். மூலையில் பழைய பிலிம் டப்பாக்கள் இருந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது, நல்லவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தாலும், ஓரத்தில் 'நைட்ரேட்' என்ற அச்சு இருந்தாலும், மூடி வைத்துவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். 'எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்ற யோசனை உயிரைப் பறிக்கும்.

இனி அரங்கு. இருக்கைகளைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே வேலை ஒலிச் சோதனை. பின்வரும் நாட்களில் எதைச் செய்தாலும் இதைத் திரும்பச் செய்ய முடியாது. தேங்காய்நார்ப் பலகை ஒட்டிய சுவரும் மெத்தையிட்ட இருக்கையும் ஒலியை உறிஞ்சுகின்றன, அவை போனால் அது வேறு அரங்கு. மேடைக்கு முன்னால் ஒருவர் பெரிய பலூனை உடைக்க, தரை, நடு வகுப்பு, பால்கனி என்று ஆறு இடங்களில் ரெக்கார்டர் வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை. ஏசியும் மின்விசிறியும் நின்றிருக்க வேண்டும். ஒலி அடங்கும் நேரத்தைப் பிறகு கணினியில் அளக்கலாம். 30 மீட்டர் நீளம், 20 அகலம், 10 உயரம் உள்ள அரங்கின் கொள்ளளவு 6,000 கனமீட்டர். அதில் எதிரொலி ஒரு நொடியில் அடங்க வேண்டுமானால், ஒலியை முற்றாக உறிஞ்சும் பரப்பு கிட்டத்தட்ட 970 சதுர மீட்டர் அளவுக்கு வேண்டும். அதைச் சாக்கு, நார், வைக்கோல் பலகை வைத்து அன்றைய மேஸ்திரிகள் எப்படி எட்டினார்கள் என்பது இன்று அரங்கு கட்டுபவர்களுக்கும் பாடம்.

தரைச் சரிவுக்கு லேசர் கருவி வேண்டாம், கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயான டியூப் லெவல் போதும். நடு வழியில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அளவு எடுங்கள். சரிவு நேர்கோடாக இருக்காது, பின்னே போகப் போகக் கூடும். முன்னால் இருப்பவரின் தலைக்கு மேல் பார்வை போவதற்கான வளைவு அது. குழாயில் காற்றுக்குமிழி நின்றால் அளவு பொய்க்கும், ஆகவே ஒவ்வொரு பத்து வரிசைக்கும் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துச் சரிபாருங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் யாரும் அதில் ஏறவோ உடைக்கவோ கூடாது. இடிப்பின்போதும் நனைத்து, முழுசாகக் கழற்றிக் கட்ட வேண்டும்.

வெளியே டிக்கெட் கவுண்டரின் கை நுழையும் துவாரம், வரிசைக்கான இரும்புக் கூண்டின் அகலம், பெண்களுக்கான தனி வரிசை, சைக்கிள் ஸ்டாண்ட், மொசைக் தரையில் பதித்த பெயர், நியான் எழுத்துகள். இவற்றுக்கு அரைநாள் போதும்.

மனிதர்களுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஓய்வுபெற்ற ஆபரேட்டரை வரவழைத்து மைக்கை நீட்டி 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் நடிகர்கள் வந்த கதைதான் வரும். ஆபரேட்டர் ரூமிலேயே நிற்க வைத்து, கையில் ஸ்பூலைக் கொடுத்துக் கேளுங்கள். ஆயிரம் அடி ரீல் 11 நிமிடம். 16,000 அடிப் படம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அடுத்த புரொஜெக்டருக்கு மாறச் சொல்லி, ரீல் முடிய எட்டு நொடி இருக்கும்போது திரையின் வலது மேல்மூலையில் முதல் புள்ளி, ஒரு நொடி இருக்கும்போது அடுத்த புள்ளி. முதல் புள்ளிக்கு எந்தக் கை எங்கே போகும், இரண்டாவதற்கு எது? ஒரே படப்பெட்டியை இரண்டு தியேட்டர் பகிர்ந்துகொண்ட நாட்களில் காட்சிநேரத்தை எத்தனை நிமிடம் தள்ளி வைத்தார்கள், ரீலைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் டிராபிக்கில் மாட்டினால் இடையில் எந்த ஸ்லைடு போட்டார்கள்? இப்படிக் கேட்டால் கை பேசத் தொடங்கும். கையை வீடியோ எடுங்கள். டிக்கெட் கிழித்தவர், கேன்டீன்காரர், போஸ்டர் ஒட்டியவர் எல்லோரையும் கூப்பிடுங்கள், அன்றைய கூலியை ஈடுசெய்யுங்கள்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டு கடந்த திரையரங்கத்துக்கு இடிப்பு அனுமதி தரும்போது இந்தப் பதிவின் ஒரு பிரதியை இணைக்கச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அளவு வரைபடம் நான்கு தாள், படங்கள், ஒலிக்கோப்பு, பொருள் பட்டியல். இதற்காக அனுமதி ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. தாமதித்தால் உரிமையாளர்கள் இரவோடு இரவாக இடித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. டி.சி.ஆர். ஏடுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிடமும், இயந்திரங்களை அரசு அருங்காட்சியகத்திடமும், பிலிமைப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திடமும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பத்தாவது நாள் வாசலில் லாரி நிற்கும்போது கேட்டால் எந்த நிறுவனத்தாலும் 'சரி' என்று சொல்ல முடியாது.

ஆறு பேர் வேண்டும், இருவருக்கு ஏணி ஏறிப் பழக்கம் இருக்க வேண்டும். முப்பது மீட்டர் டேப், டியூப் லெவல், லேசர் அளவி, சீட்டும் கயிறும், தடித்த காகிதம், முகமூடிகள், இவ்வளவுதான் சாமான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மட்டும் வேண்டாம். ஓட்டை விழுந்த கூரையின் கீழே காகிதத்தைப் பரப்ப முடியாது. மூடும் தேதி முடிவானால், அந்த மாதங்களுக்கு முன்போ பின்போ வரும்படி எங்களுக்குச் சொல்லுங்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்து, பத்தாம் நாள் மாலை பொருள் பட்டியலோடு திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
சென்னையின் பழைய திரையரங்குகளை அளந்து பதிவுசெய்யும் ஆபரேட்டர்கள், ஒலிக்கருவி மெக்கானிக்குகள், கட்டடக் கலைஞர்கள்